மேற்கு ஜன்னலில் ஒட்டு வெல்க்ரோ

பாளையங்கோட்டையில் எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. மாடியில் மேற்குப் பக்கம் இரண்டு ஜன்னல், அதை ஒட்டி இரும்பு கிரில் போட்ட ஒரு வராண்டா. சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் ஜன்னல் சட்டத்தில் கை வைக்க முடியாது. ஆனி, ஆடியில் காற்று நேராக வந்து அறையும். கொசுவலை போட வந்தவர்கள் வீடு முழுக்க ஒரே மாதிரி வேலை செய்துவிட்டுப் போனார்கள்: சட்டத்தைத் துணியால் ஒரு துடைப்பு, பசை வைத்த வெல்க்ரோவை ஓட்டமாக ஒட்டல், அதன் மேல் வலையை அமுக்கல். கிழக்குப் பக்கம் அது இன்னமும் அப்படியே இருக்கிறது. மேற்கில் ஒரு கோடையும் ஒரு ஆடியும்தான் தாங்கியது.

திரும்பவும் அதே ஆட்களைக் கூப்பிட எனக்கு மனமில்லை. நானே செய்வது என்று முடிவானதும், முதலில் உரிந்து தொங்கிய பட்டைகளைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். இந்த வேலையில் உருப்படியான தகவல் எல்லாம் அந்தப் பழைய பட்டைகளின் முதுகில்தான் இருந்தது.

அலுமினிய ஜன்னலில் பசை இரண்டு பக்கமும் இருந்தது. சட்டத்தில் பாதி, பட்டையில் பாதி. விரலால் தொட்டால் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. அதாவது பசை சட்டத்தையும் விடவில்லை, பட்டையையும் விடவில்லை. சூட்டில் இளகி நடுவில் தானே பிய்ந்திருக்கிறது. வராண்டா சுவரில் கதை வேறு. பட்டையின் முதுகு முழுக்க வெள்ளைப் பொடியும் சின்னச் சின்னப் பெயின்ட் செதிலும். அங்கே பசை தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது, சுவர் பெயின்ட்தான் கையை விட்டுவிட்டது. மரச் சட்டம் போட்ட ஜன்னலில் பசை காய்ந்து மஞ்சளாகி, நகத்தால் சுரண்டினால் பொருக்காக உதிர்ந்தது. அதிலும் பட்டையின் நுனிகள்தான் முதலில் கிளம்பியிருந்தன. நடுப்பகுதி இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்தது.

மூன்று இடத்திலும் பொதுவாக ஒன்று உண்டு. வலையும் பட்டையும் ஒன்றையொன்று விடவே இல்லை. வெல்க்ரோவின் சொரசொரப்பான கொக்கிப் பக்கமும் பஞ்சு மாதிரி இருக்கும் மெத்துப் பக்கமும் கெட்டியாகக் கவ்வியபடியே மொத்தமாகச் சேர்ந்து கழன்றிருக்கின்றன. வெல்க்ரோ தோற்கவில்லை, அதன் பின்னால் இருந்த பசைதான் தோற்றது. அதனால் வெளியில் வெல்க்ரோ போடுகிறவர் 'நல்ல வெல்க்ரோ எது' என்று தேடுவதைவிட, பசைக்கு எவ்வளவு குறைவாக வேலை கொடுக்கலாம் என்று யோசிப்பது பலன் தரும். நான் செய்தது எல்லாம் அந்த ஒரு கணக்கில்தான்.

வெல்க்ரோவைக் கண்டுபிடித்த சுவிட்சர்லாந்துக்காரர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் பசையைப் பற்றி யோசிக்கவே இல்லை. 1941இல் நாயோடு மலைப்பக்கம் நடந்துவிட்டு வந்தவர், தன் கால்சட்டையிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டியிருந்த முட்காய்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். முள் நுனியில் கொக்கி. நம் ஊர் மருளூமத்தங்காயிலும் அதே ஏற்பாடுதான். முதலில் பருத்தியில் செய்து பார்த்து, சரிவராமல் நைலானுக்குப் போனார். துணியோடு துணியாகத் தைப்பதற்கு என்று பிறந்த சாமான் அது. முதுகில் பசை தடவி, காகிதம் ஒட்டி, எதன் மேல் வேண்டுமானாலும் ஒட்டு என்று விற்பது பிறகு வந்த வியாபாரம். வீட்டுக்குள்ளே அது நன்றாகவே நடக்கிறது. வெயிலில்தான் சங்கடம்.

பசைப் பட்டையை இரண்டு விதமாக இழுக்கலாம். சட்டத்தோடு ஒட்டியபடி, பக்கவாட்டில் இழுத்தால் பட்டையின் முழுப் பரப்பும் சேர்ந்து எதிர்க்கும். நுனியைப் பிடித்துத் தூக்கினால், அந்த நுனியில் ஒரு மெல்லிய கோடு மட்டும்தான் மொத்த இழுப்பையும் தாங்க வேண்டும். அது விட்டால் அடுத்த கோடு, பிறகு அதற்கடுத்தது. காற்று செய்வதும், நாம் தினமும் வலையைப் பர்ரென்று பிரிக்கும்போது செய்வதும் இந்த இரண்டாவது வகை. பக்கவாட்டு இழுப்பைப் பசையிடம் விடலாம். தூக்கும் இழுப்பை எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் நூலிடமோ திருகாணியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும்.

சரி, சாமான் வாங்கப் போன கதை.

கடையில் எல்லாமே வெல்க்ரோதான். எந்த நிறுவனம் செய்ததாக இருந்தாலும் அதே பெயர். அங்குல அகலத்தில் சுருளாக வைத்திருந்தார்கள்.

"அண்ணாச்சி, இதுல பசை ரப்பரா, அக்ரிலிக்கா?"

"பசைன்னா பசைதான் தம்பி. நல்லா ஒட்டும், கொண்டு போங்க."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, சுருளில் எதுவும் அச்சடித்திருக்கவில்லை. ஆனால் இந்த வித்தியாசம் முக்கியம். ரப்பர் பசை தொட்ட உடனே கபக்கென்று பிடிக்கும். கடையில் விரலை வைத்துப் பார்க்கிறவருக்கு அதுதான் நல்ல பசை என்று தோன்றும். சூடு ஏறினால் இளகும், வெயிலில் நாளானால் மஞ்சளித்துப் பொருக்காகும். என் பட்டைகளில் பார்த்தது இரண்டும் அதுதான். அக்ரிலிக் பசை முதலில் மந்தமாக இருக்கும், 'இது பிடிக்குமா?' என்று சந்தேகம் வரும். மணி ஆக ஆக இறுகும். சூட்டையும் வெயிலையும் அது எவ்வளவோ மேலாகத் தாங்கும். பெரும்பாலும் ரப்பர் பசை தேன் நிறத்திலும், அக்ரிலிக் கண்ணாடி மாதிரி நிறமில்லாமலும் இருக்கும் என்றாலும் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். நான் இரண்டு வகையிலும் ஒரு முழம் வாங்கி வந்து, ஒரு அலுமினியத் துண்டில் ஒட்டி, ஒரு நாள் விட்டு, ஆளுக்கொரு சாவிக்கொத்தைத் தொங்கவிட்டு மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். மதியம் ரப்பர் பசைக்காரர் சாவியோடு மெதுவாக வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தார். மற்றவர் அசையவில்லை. கடைக்காரரிடம் விவாதம் செய்வதைவிட இது சுலபம்.

பட்டையின் நூல் எது என்பதும் கவனிக்க வேண்டியது. சாதாரணமாகக் கிடைப்பது நைலான். அது தண்ணீரைக் குடிக்கும். நனைந்தால் பிடி தளரும், காய்ந்தால் திரும்ப வரும். வெயிலில் காலப்போக்கில் நொறுங்கும். பாலியஸ்டர் தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். எனக்குக் கொக்கிப் பக்கம் பாலியஸ்டரில் கிடைக்கவில்லை, நைலானே வாங்கினேன். மெத்துப் பக்கம் மட்டும் பாலியஸ்டர். நிறம் கறுப்பு. வெள்ளையைவிடச் சூடாகும்தான், ஆனால் கறுப்புக்காகச் சேர்க்கும் கரி புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது என்பதால் வெளியில் கறுப்புதான் நல்லது.

3எம் நிறுவனத்தின் டூயல் லாக் என்று ஒன்று இருக்கிறது. அதில் கொக்கி, மெத்து என்று இரண்டு பக்கம் கிடையாது. இரண்டிலும் காளான் தலை மாதிரி நுண்ணிய குமிழ்கள், சொடக்கென்று ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும். பிடி பலமானது. வலைக்கு அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பிடி எவ்வளவு பலமோ, பிரிக்கும்போது பின்னால் இருக்கிற பசைக்கு அவ்வளவு இழுப்பு. எப்போதாவது ஒருமுறை கழற்றும் பலகை, மூடி மாதிரியான சாமானுக்குத்தான் அது சரி.

அடுத்தது எந்தப் பக்கத்தை எங்கே வைப்பது. பழைய வேலையில் கொக்கி வலையில் இருந்தது. துவைக்கப் போட்டால் அது மற்றத் துணியை எல்லாம் கவ்வி இழுத்துவிடும். நான் கொக்கிப் பக்கத்தைச் சட்டத்துக்கும் மெத்துப் பக்கத்தை வலைக்கும் மாற்றினேன். சட்டத்தில் இருக்கும் கொக்கியில் தூசியோ பஞ்சோ சேர்ந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிடலாம். மெத்தில் சேரும் மண் வலையோடு சேர்ந்து வாளிக்குள் போய்விடும்.

வலையில் ஒட்டவே கூடாது, தைக்க வேண்டும். அதற்குப் பசையில்லாத பட்டையாகத் தனியாக வாங்க வேண்டும். பசைப் பட்டையைத் தையல் மிஷினில் கொடுத்தால் ஊசியில் பிசின் ஏறி நூல் அறுந்துகொண்டே இருக்கும். தெருமுனைத் தையல் கடை அக்கா சுருளைக் கையில் வாங்கியதும் முதலில் முதுகைத்தான் திருப்பிப் பார்த்தார்கள். "பசை இல்லல்ல? அப்போ சரி, வச்சுட்டுப் போ." நூல் பாலியஸ்டராக இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன், பருத்தி நூல் வெயிலிலும் மழையிலும் இற்றுப்போகும். பட்டையின் இரண்டு ஓரத்திலும் இரண்டு ஓட்டம். வலையின் விளிம்பை மடித்து, அந்த மடிப்பின் மேல் தைக்கச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வலையின் இழைகள் தையலை விட்டு உருவிக்கொண்டு வரும். வலை நான் எடுத்தது அங்குலத்துக்கு 18க்கு 16 கண் உள்ள கண்ணாடி இழை வலை.

இனி ஒவ்வொரு இடமாக.

அலுமினிய ஜன்னல்தான் நேரத்தைத் தின்றது, அதுவும் பழைய பசையை எடுப்பதில். முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டிச் சுரண்டினேன், பெரும்பகுதி சுருண்டு வந்தது. மிச்சத்துக்கு நீலகிரித் தைலம். பஞ்சில் நனைத்துச் சற்று நேரம் வைத்தால் பிசின் ஊறிக் கழன்றுவிடும். ஆனால் தைலம் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவைக்கும். அதன் மேல் எந்தப் பசையும் நிற்காது. அதனால் பிறகு சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், காய்ந்த துணி, கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். செல்போன் பழுது பார்ப்பவர்கள் பலகையைத் துடைக்க வைத்திருப்பது அதுதான், எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் கிடைக்கும். மண்ணெண்ணெய் வேண்டாம், அதுவும் எண்ணெய்தான். துடைத்த துணியில் அழுக்கு ஏறாத வரை துடைக்க வேண்டும். துடைத்த இடத்தைக் கையால் தடவிப் பார்க்கிற பழக்கம் எல்லாருக்கும் உண்டு. அதை அடக்கிக்கொள்ள வேண்டும்.

ஒட்டுவதற்குக் காலை நேரம்தான் வசதி, மேற்குச் சட்டம் அப்போது நிழலில் இருக்கும். பட்டையை ஒரே நீளமாக ஒட்டாமல் சுமார் ஒரு அடித் துண்டுகளாக வெட்டினேன். காரணம் சூடு. ஒரு மீட்டர் அலுமினியம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 0.7 மில்லிமீட்டர் நீளும். நைலான் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் நீளும். தினமும் இரண்டும் வேறு வேறு அளவில் நீண்டு சுருங்கினால், அந்த இழுபறி நீளமான பட்டையின் நுனியில்தான் போய்ச் சேரும். துண்டுகளுக்கு நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். கொசு அதில் நுழையாது, ஏனென்றால் வலையில் தைத்த மெத்துப் பட்டை இடைவெளி இல்லாமல் அதன் மேல் ஓடுகிறது. ஒவ்வொரு துண்டின் நான்கு மூலையையும் கத்தரிக்கோலால் உருட்டி வெட்டினேன். கூரான மூலை இருந்தால் உரிவது அங்கேதான் தொடங்கும்.

ஒட்டும்போது பட்டையை இழுத்துப் பிடிக்கக் கூடாது. இழுத்து ஒட்டியது பிறகு சுருங்கித் தன்னைத் தானே கிளப்பிக்கொள்ளும். அமுக்குவதற்கு வெறும் விரல் போதாது. கொக்கியின் மேல் ஒரு மெத்துத் துண்டை வைத்து, அதன் மேல் சின்ன உருளையை வைத்து நல்ல அழுத்தத்தோடு ஓட்டினேன். அப்புறம் ஒரு முழு நாள் வலையை மாட்டவில்லை. அக்ரிலிக் பசைக்கு அந்த 24 மணி நேரம் மிகவும் தேவை; முழு பலம் வர மூன்று நாள் வரை ஆகும். வலையை அன்றைக்கே மாட்டிக் காட்டினால்தான் காசு கிடைக்கும் என்கிற நிலையில் இருப்பவர்களால் இதைச் செய்ய முடியாது. பழைய வேலை கழன்றதில் இதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

இந்த ஜன்னலில் இன்னொரு மாற்றமும் செய்தேன். அது திறந்த மாடியைப் பார்த்திருப்பதால் வெளியில் நின்று வேலை செய்யலாம். அதனால் வலையைச் சட்டத்தின் உள்முகத்திலிருந்து வெளிமுகத்துக்குக் கொண்டுபோனேன். உள்ளே இருந்தபோது மேல்காற்று வலையைப் பசையை விட்டுத் தள்ளிக்கொண்டிருந்தது. வெளியே போட்டபின் அதே காற்று வலையைச் சட்டத்தோடு சேர்த்து அமுக்குகிறது. கூடுதல் வெயிலும் மழையும் படும் என்பது உண்மைதான், ஆனாலும் இந்தப் பேரத்தில் லாபம் எனக்கு. மேல் பட்டையின் மேல்விளிம்பில் மட்டும் மெல்லிய கோடாக சிலிக்கான் இழுத்தேன், மழைநீர் பட்டைக்குப் பின்னால் இறங்காமல் இருக்க. அலுமினியத்தில் காடி வாடை அடிக்காத வகை சிலிக்கான்தான் போட வேண்டும், மற்றது அமிலத்தை விடும். கீழ்விளிம்பை அடைக்கக் கூடாது. உள்ளே போகிற தண்ணீருக்கு ஒரு வழி வேண்டும்.

மர ஜன்னலின் கதவு வெளிப்பக்கம் திறப்பது. வலை உள்ளேதான் இருந்தாக வேண்டும், கதவைச் சாத்தத் தினமும் அதைப் பிரித்தாக வேண்டும். காற்றும் தள்ளும், கையும் இழுக்கும். அங்கே பசையை மட்டும் நம்புவதில் அர்த்தமில்லை. எனாமல் பெயின்ட்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, பட்டையை ஒட்டி, அரை அடிக்கு ஒன்றாகச் சின்னப் பித்தளைத் திருகாணியும் வாஷரும் போட்டேன். துண்டின் இரண்டு நுனியிலும் கட்டாயம் ஒன்று. இரும்பு ஆணி ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துப் பட்டையில் கறை இறங்கும். வலையின் கீழ்விளிம்பில், மூலையில் அல்லாமல் நடுவில், ஒரு நாடாவைத் தைத்து வாங்கினேன். திறப்பது அதைப் பிடித்துத்தான். மூலையில் தொடங்கினால் பட்டையின் நுனிக்குத்தான் முதல் அடி விழும். வீட்டில் எல்லாரும் அந்த நாடாவைப் பயன்படுத்துகிறார்களா என்று கேட்டால், அம்மா மட்டும்.

வராண்டா பெரியது, 8 அடிக்கு 5 அடி. மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் பலகையின் மேல் ஏறக்குறைய ஏழரை கிலோ எடை அளவுக்குத் தள்ளும். இந்தப் பரப்புக்கு அது 28 கிலோ வரும். வலையில் கண் இருப்பதால் அவ்வளவு வராது. என்றாலும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நான்கு மடங்காகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதைச் சிமென்ட் பெயின்ட்டின் மேல் ஒட்டிய பட்டை தாங்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை. பொடி உதிரும் எந்தப் பரப்பிலும், சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ சிமென்ட் பெயின்ட்டோ, எந்தப் பசையும் நிற்காது. விலை உயர்ந்த பசை வாங்கினால் விலை உயர்ந்த பசையில் பெயின்ட் ஒட்டிக்கொண்டு வரும், அவ்வளவுதான்.

எனவே அங்கே சுவரில் ஒட்டவில்லை. ஒரு அங்குல அலுமினியப் பிளாட்டை, அதாவது தட்டைக் கம்பியை, வாங்கி, கிரில்லைச் சுற்றி வெளிச்சுவரில் பிளக் அடித்துத் திருகாணியால் முடுக்கி, அந்தப் பிளாட்டின் மேல் பட்டையை ஒட்டினேன். பிளாட்டைத் தரையில் வைத்தே துடைத்து, ஒட்டி, உருளை ஓட்டி, மூன்று நாள் நிழலில் போட்டுவிட்டு, கடைசியாகச் சுவரில் ஏற்றியது நல்ல யோசனையாக அமைந்தது. ஏணியில் நின்றுகொண்டு சுத்தமாக ஒட்டுவது நடக்காத காரியம். திருகாணிகள் பட்டையின் மீதே இறங்குவதால் நுனிகளும் அமுங்கிக்கொண்டன. இவ்வளவு பெரிய வலை நடுவில் உப்பாமல் இருக்க, வலையின் உள்பக்கம் சில இடங்களில் விரல் நீள வெல்க்ரோ வார்களைத் தைக்கச் சொன்னேன். அவை கிரில் கம்பியைச் சுற்றித் தன்னைத் தானே பிடித்துக்கொள்கின்றன, அங்கே பசை என்ற பேச்சே இல்லை. கிரில்லுக்கு இதுதான் சரியான வழி. உருண்டைக் கம்பியில் பட்டையை ஒட்ட முயல வேண்டாம்.

சாரல் அடிக்கும் நாளுக்காக வராண்டாவில் ஒரு தார்ப்பாயையும் இதே பட்டையில் மாட்டலாமா என்று பார்த்தேன். நீல நிறத்தில் விற்கும் தார்ப்பாய் பாலித்தீன். பாலித்தீனிலும் பாலிப்ரொப்பிலீனிலும் சாதாரணப் பசை ஒட்டாது, துடைத்தாலும் தேய்த்தாலும் அப்படியே உரிந்து வரும். பிளாஸ்டிக் வாளி, நாற்காலிகளில் ஸ்டிக்கர் நிற்காததும் இதனால்தான். தார்ப்பாய் என்றால் கண் வளையமும் கயிறும். அதை மாற்ற முயலவில்லை.

இப்போது ஒரு ஆடியும், அடுத்து வந்த ஐப்பசி, கார்த்திகை மழையும் தாண்டியிருக்கிறது. வராண்டாவில் எதுவும் அசையவில்லை. மர ஜன்னலில் கொக்கிகள் கொஞ்சம் மழுங்கியிருக்கின்றன, தினமும் பிரிப்பதால் அது எதிர்பார்த்ததுதான்; பட்டையை மட்டும் மாற்றினால் போதும், திருகாணித் துளைகள் இருக்கின்றன. அலுமினிய ஜன்னலில் கீழ்ப்பட்டையின் ஒரு துண்டு ஓரம் தூக்கியிருக்கிறது. வாடைக் காற்றுக் காலத்தில் மேற்குச் சுவரில் காற்று தள்ளுவதற்குப் பதில் வெளியே உறிஞ்சும், வெளியில் போட்ட வலைக்கு அப்போதுதான் சோதனை. தூக்கிய ஓரத்தைத் திரும்ப அமுக்கி ஒட்டப் பார்ப்பது வீண். தூசி படிந்த பசை மறுபடி பிடிக்காது. அந்த ஒரு துண்டை எடுத்துவிட்டு, துடைத்து, புதுத் துண்டு போட்டு, இந்த முறை நுனிக்கு ஒரு ரிவெட் அடிக்க வேண்டும். தை பிறந்து வெயில் கொஞ்சம் நிலைத்ததும் செய்வதாக இருக்கிறேன். மிச்சச் சுருளை அதுவரை பிளாஸ்டிக் உறையில் கட்டி, வீட்டுக்குள் அலமாரியில் வைத்திருக்கிறேன். மொட்டை மாடி அறையின் சூட்டில் வைத்தால் ஒட்டுவதற்கு முன்பே பசையின் ஆயுள் பாதி போய்விடும்.